இரண்டு கையும் மாட்டிக்கொண்ட மாமா

என் மாமா தையல் மெஷின் மெக்கானிக். நாற்பது மெஷின் ஓடும் கூடத்தில் கண்ணை மூடி நின்றே, எதில் ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் அவருக்கு வினையாகிப்போனது. நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியதிலிருந்து, தன் நெஞ்சையும் ஒரு மெஷினாக வைத்துக் கேட்க ஆரம்பித்தார். வலக்கை விரல்கள் இடக்கை மணிக்கட்டில், கண் கடிகாரத்தில். பட்டறையில் ‘டிக் டிக்’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதனால் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதியிருந்ததை மூன்று முறை படித்துக் காட்டினேன்.

“எழுதுறவருக்கு என்ன மாப்ளே, ஏறப்போறது நான்ல” என்றார்.

எட்டு மாதமாக மெஷின் பார்க்க எந்த ஊருக்கும் போகவில்லை. கூப்பிடுகிறவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இப்படியே தொழிலை விட்டுவிடுவாரோ என்று அத்தைக்குப் பயம். வெளியூர்த் தையல்காரர் ஒருவர் மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பழைய சினேகம். கடைசியில் அத்தை என்னையும் மாத்திரை டப்பாவையும் துணைக்குச் சேர்த்து மாமாவை அனுப்பிவைத்தார்.

கடை மாடியில். இருபத்திரண்டு படி. மூன்று இடத்தில் நின்று நாடி பார்த்துத்தான் ஏறினார். மெஷின் அரை மணியில் சரியாகிவிட்டது. அதற்குள் பக்கத்துக் கூடத்தில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். வாரம் ஒரு மாலை சூஃபிகள் அங்கே கூடுவார்களாம். தப்ஸ் என்னும் வட்டக் கொட்டு அடித்து, இறைவன் பேரைச் சொல்லி ஆடுவார்களாம். தையல்காரரும் அவர்களில் ஒருவர். வேடிக்கை பார்க்க வாசலில் நின்ற மாமாவை அவர் உள்ளே கூப்பிட்டார்.

“எனக்கு நெஞ்சுல வேலை பார்த்திருக்குப்பா.”

“அப்ப மெதுவா ஆடுங்கண்ணே. இங்க யாரும் மார்க் போடப்போறதில்ல.”

எல்லோரும் கைகோத்து வட்டமாக நின்றார்கள். மாமாவின் இடக்கை தையல்காரரிடம். வலக்கை ஒரு பருத்த பேக்கரிக்காரரிடம். கொட்டு மெல்லத் தொடங்கியதும்தான் மாமாவுக்கு விஷயம் உறைத்தது: நாடி பார்க்கக் கை இல்லை. என்னைப் பார்த்து விழித்தார். நான் மாத்திரை டப்பாவைத் தூக்கிக் காட்டினேன். பேக்கரிக்காரரின் பிடிக்குள் நாடி பார்க்கும் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன.

கொட்டு வேகம் பிடித்தது. முன்னும் பின்னும் சாய்ந்தார்கள், ஒரே மூச்சாக ‘ஹூ’ என்றார்கள். மாமாவின் சட்டை நனைந்துவிட்டது. நான் ஓரடி எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு திடீரென்று முகத்தைச் சுளித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் முறைத்தது ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தவரை. விரல்கள் எப்போதோ அடங்கியிருந்தன.

எல்லாம் முடிந்து, சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்தார்.

“ஓரத்து ஆளோட தப்ஸ்ல தோல் தொய்ஞ்சிருக்கு மாப்ளே. ஒவ்வொரு தட்டும் மந்தமா விழுது, கேட்டியா?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கிய பிறகுதான் கருவிப் பையை மேலேயே விட்டது தெரிந்தது. நான் திரும்புவதற்குள் அவர் பாதிப் படி ஏறியிருந்தார், எங்கும் நிற்காமல்.

பஸ்ஸில் அத்தையிடமிருந்து போன். வழக்கமான முதல் கேள்விதான்: நாடி எத்தனை?

“பாக்கல” என்றார் மாமா.

அத்தை சொன்னது எனக்கும் கேட்டது. “சரி, சரி. சாப்பாடு எடுத்து வெக்கறேன், வாங்க.”