ஆயுத பூஜையன்று அணைத்த உலை

படிகம் வளர்க்கிறேன் என்றால் பாகூரில் என் வீட்டாருக்கே சிரிப்பு வரும். "கரும்பு வளர்த்தா வெட்டலாம். இத்த வளர்த்து இன்னா பண்ணப் போற?" என்பார் அப்பா. குளிரவைத்தால் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் கறுப்புப் படிகம் அது. வளர்ப்பதற்குள் உயிர் போய்விடும். பொடியைக் குச்சியாக அழுத்தி, உலைக்குள் விளக்கொளியைக் குவித்து, நடுவில் ஒரு சொட்டு அளவு உருக்கி, அந்தச் சொட்டை மெல்ல நகர்த்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. சுற்றிலும் ஆக்சிஜன் அளவோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் இரண்டும் பாதியில் உடைந்துவிட்டன. முனைவர் பட்டத்துக்கு எனக்கிருந்த அவகாசம் அந்த மாதத்தோடு சரி. மூன்றாவது படிகம் பன்னிரண்டாவது நாளாக வளர்ந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. வீட்டில் டிராக்டருக்குப் படைக்க நான் இருந்தே ஆக வேண்டுமாம். ஆய்வுக்கூட உதவியாளர் அக்காவிடம், "எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வைங்கக்கா. உலைய மட்டும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மத்தியானம் திரும்பியபோது உலை சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. கதவு, கணினி, நாற்காலி என்று எல்லாவற்றிலும் பொட்டு. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரின் பித்தளைத் தலை மட்டும் ஏனோ மினுமினுத்தது. தொட்டேன், வழுக்கியது. தேங்காய் எண்ணெய்.

அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் எண்ணெய்க்கும் ஆகவே ஆகாது. பற்றினால் அறை மிஞ்சாது. அக்காவை வெளியே விரட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் துணியால் பிடித்து வால்வை மெதுவாக மூடினேன். விளக்குகளையும் அணைத்தேன். ஒளிர்ந்த சொட்டு கறுத்து, குச்சி இரண்டாக விண்டது. வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

அக்கா இங்கே வருமுன் பல வருடம் திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "கம்பெனில அப்டித்தான் மேடம் செய்வோம். எண்ணெ தடவுனாத்தான் குங்குமம் நிக்கும். ஒங்களுது இந்த வாட்டியாச்சும் நல்லா வரணும்னு ரெண்டு தபா தடவுனேன்."

"செவுத்துல எழுதி ஒட்டியிருக்கே, பாக்கலியா?"

அவர் உள்ளே சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எண்ணெய் படக்கூடாது என்று நான் ஒட்டிய எச்சரிக்கை, முழுக்க ஆங்கிலத்தில். அதன் தலைப்பிலும் அழகாக ஒரு பொட்டு.

"நீங்க எழுதுனதாச்சேன்னு அதுக்கும் வெச்சேன் மேடம்."

பேராசிரியருக்கு போன் போட்டேன். அவரிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவேன். அன்று, பக்கத்தில் நின்ற அக்காவின் காதில் விழும்படி, "படிகம் போச்சு சார். தப்பு என்னுது" என்றேன்.