பால்மாப் பேணியில் சேர்த்த குளிசைகள்

என் கணவருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது நாங்கள் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து புத்தூரில் ஒரு உறவினர் வீட்டில் இருந்தோம். பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரத்தை நூலால் நான்காக அறுத்து வைப்பேன். தீக்குச்சியை இரண்டாகப் பிளப்பேன். இருப்பதைத் தொடாமல் வைத்திருப்பவள்தான் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் மண் விழ.

தினமும் ஒரு ஆஸ்பிரின் குளிசை போடவேண்டும், இரத்தம் கட்டாமலிருக்க அதுதான் முக்கியம் என்றார் டொக்டர். அதற்கும் தட்டுப்பாடு. மாதாமாதம் கிளினிக்கில் வரிசையில் நின்று வாங்கவேண்டும்.

அப்போதுதான் லண்டனிலிருந்த என் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு போத்தல் விற்றமின் ஈ கொடுத்துவிட்டான். தேன் நிறத்தில் பளபளக்கும் கப்சூல்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு இதையும் கொடுத்துப் பார்க்கிறார்களாம், உடம்புக்குள் துருப்பிடிப்பதுபோல நடக்கும் கேட்டை இது தடுக்குமாம் என்று எழுதியிருந்தான். ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லி அவன் எழுதவில்லை. நானாகத்தான் தீர்மானித்தேன். லண்டன் மருந்து இருக்கும்வரை அது போதும். ஆஸ்பிரினைச் சேர்த்துவைத்தால் ஒன்றுமே கிடைக்காத நாளில் உதவும்.

அவர் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தியவர். கடற்காற்றில் துருவோடு மல்லுக்கட்டியே வயது போனவர். கப்சூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துருவுக்குப் பெயின்ற் அடிக்கலாம். அடைச்ச பைப்புக்குப் பெயின்ற் அடிச்சு என்ன பிரயோசனம்? மற்றக் குளிசை எங்கை?"

"உங்களுக்கு என்ன தெரியும்? பேசாமல் விழுங்குங்கோ," என்றேன்.

"சரி, நீர் தாறதைத்தானே நான் போடுறன்," என்று சிரித்தார். பிறகு கேட்கவேயில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்டார். "குளிசை ஒழுங்காப் போடுறியளோ ஐயா?"

"ஓம் டொக்டர். மனிசி ஒருநாளும் தவறவிடமாட்டா," என்று அவர் பெருமையோடு சொன்னார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டை. உண்மையைச் சொன்னால் அத்தனை பேருக்கு முன்னால் ஏச்சு விழும் என்ற வெட்கம். அந்த மாதக் குளிசைகளையும் வாங்கிவந்து, பழைய பால்மாப் பேணியில் போட்டு இறுக்க மூடினேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் வாடகைக் கார் முக்கி முனகி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னரே என் மடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஆஸ்பிரின் போட்டவர்தானே அம்மா?" என்று டொக்டர் கேட்டார். நான் தலையாட்டினேன். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரோ, தெரியாது. தெரியாமலிருப்பதுதான் என்னை அரிக்கிறது. அந்தக் கப்சூலில் பெரிதாக ஒன்றுமில்லையாம் என்று பல வருடங்களுக்குப் பிறகு தம்பியே சொன்னான். அவனிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் பேணியைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை முன்பின் தெரியாத தாதி ஒருத்தி மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு குளிசைகூட நமுத்திருக்கவில்லை.

"இந்தத் தட்டுப்பாட்டிலை எவ்வளவு கவனமா வச்சிருக்கிறியள் அம்மா," என்றாள்.

வரிசையில் நின்ற பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தேன்.