துப்பாமல் விழுங்கிய ஒரு வாய்

தேயிலை ஆலையில் இலை உருட்டும் இயந்திரத்தில் கறை ஏறினால் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் விட்டுக் கழுவுவோம். கழுவி முடிந்ததும் அந்தத் தண்ணீர் அசல் தேநீர் நிறத்தில் இருக்கும். ஒருநாள் மிச்சத்தை வீணாக்க வேண்டாம், மறுபடி கழுவ உதவும் என்று என்னோடு வேலை செய்த அண்ணன் ஒருவர் ஒரு பழைய போத்தலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தார். பால் இல்லாத தேநீரைப் போத்தலில் கொண்டுவந்து குடிப்பது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். என் போத்தலும் அங்கேதான் இருந்தது. நான் எடுத்தது அவர் வைத்ததை.

வாயில் பட்டதுமே எரிந்தது. துப்பியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் இலை பரப்பியிருந்தது. எதிரே தோட்டத்து மேனேஜர் துரை விருந்தாளிகளுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கூச்சத்தில் விழுங்கிவிட்டேன்.

மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உணவுக்குழாய் வெந்திருந்தது. புண் ஆற ஆற அது சுருங்கி, எச்சில்கூட இறங்காமல் போனது. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அதில்தான் மனைவி பால் ஊற்றுவாள்.

"இனிமே வாயால சாப்பிடுவாரா டாக்டர்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமா விரிச்சுப் பார்ப்போம்மா. பல தடவை வரணும்."

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையிறங்கினோம். ஒவ்வொரு முறையும் தொண்டை வழியாகக் கருவியை விட்டு உணவுக்குழாயை விரித்தார்கள்.

"இருவது வருஷமா வாயத் தொறக்காத மனுஷன், டாக்டருக்கு மட்டும் நல்லா தொறக்குறாரு லா," என்றாள் மனைவி. சிரித்தால் வலிக்கும். ஆனாலும் சிரித்தேன்.

அந்த அண்ணன் மட்டும் என்னைப் பார்க்க வரவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் திரும்பிப் போனார்.

ஒன்பதாம் தடவை முடிந்து, டாக்டர் கொடுத்த தண்ணீர் இறங்கியது. பிறகு கஞ்சி, குழைந்த சோறு. வயிற்றுக் குழாயை எடுத்தார்கள். தேநீர் மட்டும் நான் இன்னும் தொடவில்லை. அழைக்காத வீட்டுக்குப் போகாத நான், ஒருநாள் சாயங்காலம் அந்த அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஒரு தேத்தண்ணி குடுங்கண்ணே."

"என் கையால வேணாம்பா. உன் சம்சாரத்துகிட்ட கேளு."

"உங்க கையாலதான் வேணும்."

அவர் என்னை உள்ளே அழைத்துப் போனார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். ஆற்றியதில் பாதியைத் தானே குடித்துக் காட்டிவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார். சின்ன மடக்காகக் குடித்தேன். இறங்குகிற வழியெல்லாம் சூடு தெரிந்தது.

"எறங்குச்சாப்பா?"

"எறங்குச்சுண்ணே. சீனிதான் பத்தல லா."

அவர் அழுதுகொண்டே சீனி டப்பாவைத் தேடினார்.