அந்தோணிராஜ் எதையும் சாப்பிடுவார்

'திரு. அந்தோணிராஜ், மூத்த மெர்ச்சண்டைசர், திருப்பூர். உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. புதிய சுவைகளைத் துணிந்து உண்பவர். கடல் உணவில் தனி விருப்பம் உண்டு.'

பெங்களூரில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்குள் இருந்த ஜப்பானியச் சாயல் கொண்ட உணவகம், 2007ஆம் வருஷம் ஒரு வியாழக்கிழமை விருந்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்பு இது. இதில் பெயர், வேலை, ஊர் மூன்றும் சரி.

அந்தோணிராஜுக்கு இறால் ஆகாது. பிடிக்காது என்ற பொருளில் அல்ல. பதினொரு வயதில், திருச்செந்தூருக்குத் தெற்கே தன் கடற்கரை ஊரில், ஒரு கை இறால் வறுவலைத் தின்றான். முதலில் காதுக்குள் அரித்தது. பிறகு உதடு தடித்தது. பிறகு தொண்டை மூடிக்கொண்டது. மீன் வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு தடவை தின்றால் இங்கே வந்து சேரும்வரை உயிர் இருக்காது என்று டாக்டர் சொன்னார். அவன் அம்மா ரோஸ்மேரி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பாவுக்கு வேறு கவலை.

"கடலுக்குப் போறவன் மவனுக்கு இறால் ஆவாதாம்ல. வெளிய சொல்லிராத, சிரிப்பானுவ" என்றார்.

அந்தோணிராஜ் வெளியே சொல்லவில்லை. ஊரை விட்டுத் திருப்பூருக்கு வந்து, சிவசுப்பிரமணியத்தின் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சொல்லவில்லை. அங்கேதான் அது சிக்கலாகியது. முதல் வருஷக் கெடா விருந்துக்கு முதலாளி வீட்டுக்குப் போனபோது, முதலாளியின் மனைவி பெரியாத்தாள், கடலோரத்துப் பையனுக்கு ஆட்டுக்கறி மட்டும் போட்டால் ஆகுமா என்று, கோயம்புத்தூரிலிருந்து ஐஸ் பெட்டியில் இறால் வரவழைத்திருந்தார். அந்த வீட்டில் யாரும் கடலில் இருந்து வருவதைத் தொட மாட்டார்கள். வாசம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வெளியில் அடுப்பு மூட்டிச் செய்திருந்தார். அப்படிப்பட்ட தட்டை எப்படி மறுப்பது? அந்தோணிராஜ் தட்டை எடுத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் போனார். அங்கே ஒரு பூனை இருந்தது. காலித் தட்டோடு திரும்பி வந்து, "பிரமாதம்க்கா" என்றார். அடுத்த வருஷம் பெரியாத்தாள் இரண்டு மடங்கு வரவழைத்தார். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. பூனை நன்றாகத் தேறியது.

அந்த 2007இல் டாலர் இறங்கிக்கொண்டே இருந்தது. சிவசுப்பிரமணியத்தின் கம்பெனியில் பாதி மெஷின்களுக்கு உறை போட்டு மூடியிருந்தார்கள். கையில் வரக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று: பெல்ஜியத்துக்குத் துணி வாங்கும் மார்ட்டினாவின் குழந்தைகள் பைஜாமா ஆர்டர். அவள் பெங்களூரில் தன் கம்பெனிக்காகச் சரக்கு பார்த்து வாங்கும் பையிங் ஆபீசுக்கு வந்திருந்தாள். முதலாளியையும் அந்தோணிராஜையும் விருந்துக்கு அழைத்தாள். ஆகாத உணவு ஏதும் உண்டா என்று ஆபீசிலிருந்து கேட்டு எழுதினார்கள். விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் இது ஆகாது, அது ஆகாது என்று சொல்வதைப் போன்ற மரியாதைக் குறைவு கொங்கு நாட்டில் வேறில்லை. எனவே சிவசுப்பிரமணியம், ஒன்றும் இல்லை என்று சொல்லி, தம் கம்பெனிப் பையன் அந்தோணிராஜுக்குக் கடல் உணவு உயிர் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

ஓசூர் தாண்டியதும் காரில் திட்டத்தை விளக்கினார்.

"பச்ச மீனெல்லாம் குடுப்பாங்களாமா. எனக்கு வாசமே ஆவாது கண்ணு. ஆனா தட்டுல மிச்சம் வெச்சா அந்தம்மா என்ன நெனைக்கும்? நம்மூட்டு விருந்துல எவனாச்சும் சோத்த வெச்சுட்டு எந்திரிச்சா உங்கக்கா மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா."

"அப்ப என்ன செய்யணும் மொதலாளி?"

"அந்தம்மா அக்கட்டால திரும்பிப் பாக்கறப்ப நா நைசா உன்ற தட்டுக்குத் தள்ளிருவேன். நீ ரெண்டையும் போட்டுத் தாக்கு. உனக்கென்ன, தண்ணிக்குள்ளயே பொறந்தவன்."

அந்தோணிராஜ் வாயைத் திறந்தார். உறை போட்ட மெஷின்கள் நினைவுக்கு வந்தன. அந்தப் பூனையும் நினைவுக்கு வந்தது. "சரி மொதலாளி" என்றார்.

அந்த உணவகத்தில் மெனு கிடையாது. சமையல்காரர் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவார். என்ன வருகிறது என்பது வந்த பிறகுதான் தெரியும். மார்ட்டினாவுக்கு அதுதான் ருசியே. அந்தோணிராஜின் சட்டை முதுகோடு ஒட்டியது.

முதலில் ஒரு கரண்டி வந்தது. கரண்டி மட்டும், அதில் தக்காளியும், ஜவ்வரிசி போல ஆரஞ்சு நிறத்தில் ஏதோவும். பரிமாறியவர் ஆங்கிலத்தில் நீளமாக விளக்கினார். அந்தோணிராஜின் ஆங்கிலம் மோசமில்லை. ஆனால் அது காலர், சாயம், ஷிப்மென்ட் ஆங்கிலம். நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துக் காத்திருந்தார். காது அரிக்கவில்லை. விழுங்கினார். முதலாளியின் கரண்டியும் வந்து சேர்ந்தது. அதையும் விழுங்கினார்.

அடுத்து குளிர்ந்த கல்லின் மேல் பச்சை மீன் துண்டுகள். மீன் அவருக்கு ஆகும். ஆனால் அந்தக் கத்தி இதற்கு முன் எதை வெட்டியது?

மூன்றாவது, மூடி போட்ட கிண்ணத்தில் ரசம் போன்ற ஒன்று. ரசத்தைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ள முடியாது. சிவசுப்பிரமணியம் கண்ணை மூடி, கஷாயம் குடிப்பதுபோல் ஒரே மடக்கில் குடித்து, "சூப்பர் மேடம்" என்றார். அந்தோணிராஜ் பாதி குடித்தபோது இடது காதுக்குள் அரித்தது.

அரித்ததா, பயமா? எச்சிலை விழுங்கிப் பார்த்தார். போயிற்று. இன்னொரு தடவை விழுங்கினார். கைகழுவும் இடத்துக்குப் போய்க் கண்ணாடியில் உதட்டைப் பார்த்தார். எப்போதும் இவ்வளவு தடிமனாகவா இருந்தது? திரும்பும் வழியில் பரிமாறுபவரை நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்டார்.

"அது சர்ப்ரைஸ் சார்" என்று அவர் சிரித்தார்.

அடுத்து வந்தது ஆவியில் வெந்த உருண்டைகள். மேல்மாவு கண்ணாடித்தாள் போல மெல்லியது. உள்ளே, வளைந்து படுத்தபடி, ஓர் இளஞ்சிவப்பு. அந்த நிறத்தைப் பதினொரு வயதிலிருந்து அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இரண்டிரண்டு, அவருக்கு மூன்று.

"உங்களுக்காகவே இதைச் செய்யச் சொன்னேன்" என்றாள் மார்ட்டினா. "இறால் என்றால் உங்களுக்கு உயிராமே."

"யெஸ் மேடம். சீ மேன்" என்றார் சிவசுப்பிரமணியம் பெருமையோடு. அவள் தண்ணீர்க் கோப்பையை எடுக்கத் திரும்பியதும், அவருடைய இரண்டும் இந்தப் பக்கம் வந்தன. தட்டில் இப்போது ஐந்து.

மார்ட்டினா சிரித்தபடி காத்திருந்தாள். முதலாளி மேசைக்கடியில் அவர் காலை மெல்ல மிதித்தார். அந்தோணிராஜ் ஒன்றை எடுத்தார். உதட்டருகே போனபோது வாசம் வந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் கூரையும் அதில் ஓடிய பல்லியும் நினைவுக்கு வந்தன. உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார். அவர் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொன்னார்.

மார்ட்டினாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. பரிமாறுபவரைக் கூப்பிட்டு, இதுவரை கொடுத்ததில் இறால் இருந்ததா என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்றார்கள். தட்டு போயிற்று. மிச்சம் இருக்கும் ஒரு தட்டு தம் கண்முன்னே எழுந்து போவதை சிவசுப்பிரமணியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்கக்கா செஞ்சது?"

"பூனைக்குப் போட்டேன் மொதலாளி."

"ஆறு வருசமாவா?"

"ஆமா மொதலாளி."

"அந்தப் பூனைக்கா சாமி கோயமுத்தூர்ல இருந்து ஐஸ் பெட்டி வந்துச்சு?"

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம், வாசத்தோடு சேர்த்து, சிவசுப்பிரமணியம் தாமே தின்றார்.

பைஜாமா ஆர்டர் வந்தது. விருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள் மார்ட்டினா. தாம் தட்டைக் காலி செய்ததால்தான் என்றார் சிவசுப்பிரமணியம். பெரியாத்தாள் மூன்று நாள் அல்ல, மூன்று மாதம் அந்தோணிராஜோடு பேசவில்லை.

அன்று அந்தோணிராஜ், எனக்கு இறால் ஆகாது, தின்றால் செத்துப்போவேன் என்று சொல்லி, ஐந்து உருண்டைகளையும் தட்டிலேயே விட்டார்.