டாம்ப் என்ற சொல்லும் என் அக்காவும்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் டிக்‌ஷனரி என்று பெயர். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர். ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. பொருள், பிறந்த கதை, யார் எங்கே எப்படிச் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் பொடி எழுத்தில் ஏறும். அலுவலக அலமாரி நிரம்பியதும் மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அதனாலேயே அவரைத் திட்ட எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

அவர்கள் குடியிருந்தது தெருமட்டத்துக்கு மூன்று படி கீழே ஒற்றை அறை. நான் கொத்தனார்; சுவரைத் தொட்டதுமே சொல்லிவிடுவேன். இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருந்தது. அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து அப்போதே இரண்டு வருடம். டாக்டர் சீட்டில் மருந்துப் பெயருக்கும் முன்னால், "உலர்ந்த அறை" என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்கு வா என்றால், "அவருக்கு யாருடா சோறு போடுவா?" என்பாள்.

ஒரு நாள் அத்தான் என்னிடம் கேட்டார்.

"மாப்ள, சுவர்ல ஏறுற ஈரத்துக்கு உங்க தொழில்ல என்ன சொல்வீங்க?"

"ஓதம்னு சொல்வோம். எதுக்கு அத்தான், சுவரை உடைச்சுப் பூசப் போறீங்களா?"

"டாம்ப்னு ஒரு இங்கிலீஷ் சொல் வந்திருக்கு. முதல்ல அதுக்கு ஈரம்னு அர்த்தமே இல்ல தெரியுமா? ஆவின்னு அர்த்தம். ஜெர்மன் பக்கத்துல இருந்து வந்தது. சுரங்கத்துக்குள்ள ஒரு கெட்ட காத்து இருக்கும், மூச்சை அடைச்சு ஆளையே கொன்னுடும். அதைத்தான் டாம்ப்னாங்க. ஈரம்ங்கிறதெல்லாம் பின்னால வந்தது. நெருப்பை அடக்குறதுக்கும், ஒருத்தர் உற்சாகத்தைக் கெடுக்குறதுக்கும்கூட அதே சொல்தான்."

சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அக்கா கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சுரங்கத்துக்காரங்க என்ன பண்ணாங்களாம்?" என்றாள்.

"வெளிய ஓடி வந்துடுவாங்க."

"புத்திசாலிங்க."

அவர் சிரித்துவிட்டு எழுதப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழைக்கு முன்னால் மாடி அறை காலியானது. வெயில் விழும் ஜன்னல், காய்ந்த சுவர். வீட்டு உரிமையாளர் இவர்களுக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். "வெள்ளை மட்டும் நீ அடிச்சுக் குடுடா" என்று அக்கா போன் செய்தாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அடித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை மேலே ஏற்ற ஆள் கூட்டிக்கொண்டு போனால், மாடி அறை நிறைய அவருடைய அட்டைப் பெட்டிகள்.

"கீழ எல்லாம் நமுத்துப் போகுது மாப்ள. மை ஊறிடுச்சு. பதினாறாயிரம் அட்டை, போனா திரும்ப வராது."

"அக்கா?"

"அகராதி அச்சுக்குப் போற வரைக்கும்தான். அவளே சரின்னுட்டா."

அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். அன்றைக்கே பெட்டிகளைத் தெருவில் வீசியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிற நான், அவருடைய மேஜையை மேலே ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டு வந்தேன். நினைத்தால் இன்றும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அச்சுக்குப் போக மூன்று மழைக்காலம் ஆயிற்று. புத்தகம் வந்த வாரம் அவர் பெட்டிகளை அலுவலகத்துக்கு அனுப்பினார். மாடி அறையைத் தானே பெருக்கி, புது மெத்தை வாங்கிப் போட்டு, என்னையும் கூப்பிட்டார். குறை சொல்ல முடியாது, தலையணை உறைகூடப் புதிதுதான்.

அக்கா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். மொத்தம் பதினெட்டுப் படி. நாலாவதில் நின்றாள். ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது.

"நான் தூக்கிட்டுப் போறேன்க்கா."

"சமையல், குளியல் எல்லாம் கீழதானேடா. தினமும் வந்து தூக்குவியா?"

"மெதுவா ஏறு. ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல" என்று அத்தான் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகக் கீழே நகர்ந்தாள். கடைசிப் படியில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க மேல படுத்துக்கங்க" என்றாள். "மெத்தை வீணாப் போக வேண்டாம்."