எந்த வரியில் இருக்கிறது?

பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். கென்யாவின் கிசுமு சந்தையில் மீன் பொரிக்கும் அவுவோர் அக்கா, பொட்டலம் கட்டும் பழைய செய்தித்தாளோடு சண்டை போடுவாள்.

"ஏரியில மீன் பெருகிடுச்சாம்! எழுதினவன் வலை போட்டுப் பாத்தானா?"

இந்த வயதில் தனியாக எழுதிய பள்ளி இறுதித் தேர்விலும் அப்படித்தான். ஒரு பத்தியைக் கொடுத்து அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தன் கருத்தை எழுதித் தோற்றாள். தேறினால்தான் தாதியர் பயிற்சியில் சேர முடியும்.

"முதல்ல பத்தி எழுதினவன் சொல்றதை எழுதுக்கா. எந்த வரியில இருக்குன்னு விரல் வை. அப்புறம் சண்டை போடு" என்றேன்.

"பாஸாயிட்டா உனக்கு ஒரு முழு மீன்டி, பட்டதாரி!"

பழைய வினாத்தாள்களில் விரல் வைத்தே பழகினாள். தேறி, எல்டோரெட் நகருக்குப் படிக்கப் போய்விட்டாள். போனில் மீனைக் கேட்டேன்.

"மீன் தரேன்னு எந்த வரியில இருக்கு? விரல் வை, பாப்போம்!"

மீன் இன்னும் வரவில்லை.