ஷிபு அண்ணனின் ஒரு போட்டோ வேண்டும்

ஷிபு அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை நெஞ்சுவலி... காரக்கோணம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

நெய்யாற்றின்கரையில் நான் எடிட்டராக இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் அவர் லைட் பிடிப்பவர். அவர் கை ஃப்ரேமுக்குள் வந்தால்கூட வெட்டிவிடுவேன். அது என் வேலை.

டைரக்‌ஷன் படிக்க எங்கள் இருவருக்குமே வசதி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எடிட் கம்ப்யூட்டரில் சினிமா ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்போம். கேமரா எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது என்று சண்டை போடுவோம்.

ஒரு கதாநாயகி வெகுநேரம் அழுதுகொண்டிருந்தாள். நான் கண் கலங்கிவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இவ அழுது தீரும்வரைக்கும் லைட்டு பிடிச்சவனுக்கு கை கடுத்திருக்கும், பாத்துக்க."

பார்த்த காட்சியை ஞாயிற்றுக்கிழமை குளத்தூரில் அவர் வீட்டுத் தோப்பில் என் போனில் எடுத்துப் பழகுவோம். இரண்டு பேர் பேசும் காட்சி. ஒருவர் தோளுக்குப் பின்னால் கேமரா, எதிரே இருப்பவர் முகம். முகம் எப்போதும் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்யும் ஜாஸ்மின். தோள் எப்போதும் ஷிபு அண்ணன்.

"அண்ணா, கொஞ்சம் சாஞ்சு நில்லும். ஜாஸ்மினுக்க மொகம் மறையுது."

"எனக்க மொகத்துக்கு என்ன கேடு பிள்ளே? நீ எப்பளாக்கும் இந்தப் பக்கம் வாறது?"

"அந்தப் பக்கம் அடுத்த ஞாயிறு எடுக்கலாம்."

எனக்கு வேண்டியது கிடைத்ததும் போனைப் பையில் போட்டுவிடுவேன். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான்.

நேற்று மத்தியானம் லதா அக்கா, அவர் மனைவி, கூப்பிட்டார்.

"மக்கா, உனக்க கையில அண்ணனுக்க நல்ல போட்டோ ஒண்ணு இருக்குமே. வீட்டுல படம் எடுக்கியது அவருதான், அதனால ஒண்ணுலயும் அவரு இல்ல. கல்யாண போட்டோவுல மீசகூட மொளைக்கல்ல."

உண்டு அக்கா, இப்போ அனுப்புகிறேன் என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடினேன். தோள். முதுகு. பாதிக் காது. ஒரு கிளிப்பில் நிறுத்தினேன்... தோளில் வெளிச்சம் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். அவர் ஃப்ரீசர் பெட்டியில் கிடக்கும்போது.

இல்லை அக்கா என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். "எப்பளும் ரெண்டும் சேந்து எடுத்துட்டுதானே கெடந்திய... இன்னும் கொஞ்சம் தேடு மக்கா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இறப்புச் செய்தி ஃப்ளெக்ஸில் லைசென்ஸ் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டார்கள். யாரோ போல இருக்கிறார். வீட்டுச் சுவரில் மாட்ட அதை அக்கா கேட்கவில்லை.

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் நாங்கள் எடுத்த கல்யாணங்களில், உங்கள் போன் படங்களில் எங்காவது, கண்ணாடியிலோ மேடை ஓரத்திலோ, லைட் பிடித்து நிற்பவர் முகம் தெரிந்தால் எனக்கு அனுப்புங்கள். அக்காவிடம் சேர்த்துவிடுகிறேன்.

அடையாளம்: நல்ல உயரம். முகம்... எழுதி எழுதி அழித்துவிட்டேன். வலது காதுக்குப் பின்னால், கழுத்தில், ஒரு மச்சம் உண்டு.

போய் வாருங்கள் அண்ணா.